மாலைக்கண்ணும் மறைக்கப்படும் உண்மையும்

பார்வையைப் படைத்து, அப்பார்வைக்கு ஓர் எல்லையையும் வகுத்த வல்ல அல்லாஹ்வுக்கே புகழனைத்தும். ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

தன் உடலிலுள்ள ஒரு குறையை ஒருவர் யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறார். அது நாணமா? பொறுமையா? அல்லது பிறரை ஏமாற்றுவதா? குறைகளை மூடி மறைப்பது நம் மார்க்கம் போற்றும் பண்பு. உண்மையை மறைக்காதிருப்பதும் அதே மார்க்கம் கற்பித்த பண்புதான். இவ்விரண்டும் ஒருவருடைய வாழ்வில் எதிரெதிரே வந்து நிற்கும்போது அவர் எதனைக் கைக்கொள்வது? இதனை ஒரு நோயைக் கொண்டு சிந்திப்போம். ஏனெனில், அந்த நோயே வெளியில் தெரியாத நோய்.

நோயின் தன்மை

அரபியர் இரவில் பார்வை மங்குகிறவரை ‘அஃஷா’ என்பார்கள். நாம் மாலைக்கண் என்கிறோம். திருமறையின் ‘ஸுக்ருஃப்’ அத்தியாயத்தில், ரஹ்மானின் நினைவை விட்டு முகம் திருப்புகிறவனைக் குறிக்க வந்துள்ள வினைச்சொல்லும் இதே வேரில் பிறந்ததே. முழுக் குருடனைக் குறிக்கும் ‘அஃமா’ என்ற சொல் அங்கே வரவில்லை. கண் இருந்தும் மங்கிப்போனவனைக் குறிக்கும் சொல் வந்திருக்கிறது. இந்த நுட்பத்தை மனதில் வைத்துக்கொள்வோம்.

மாலைக்கண்ணில் இரு வகை உண்டு. ஒன்று, ‘ஏ’ வைட்டமின் குறைவினால் வருவது. முருங்கைக் கீரை, பப்பாளி, முட்டை, பால் போன்ற உணவாலும் மருந்தாலும் இது குணமாகும். மற்றொன்று பரம்பரையாக வருவது. மருத்துவர்கள் இதனை ‘ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா’ என்பார்கள். தமிழில் விழித்திரை நிறமிச் சிதைவு எனலாம். கண்ணின் உட்புறத்தைக் காட்டும் கருவியை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851ல் கண்டுபிடித்த பிறகுதான், கண்ணுக்குப் பின்னால் கரும்புள்ளிகள் படிந்து கிடக்கும் இந்நோயை மருத்துவர்களால் காண முடிந்தது. டச்சு மருத்துவர் டாண்டர்ஸ் 1857ல் இதற்கு இப்பெயரை இட்டார்.

நம் விழித்திரையில் இரு வகை ஒளியணுக்களை இறைவன் அமைத்திருக்கிறான். கோல் வடிவில் உள்ளவை ஏறத்தாழ 12 கோடி. அவை மங்கிய வெளிச்சத்திலும் பக்கவாட்டிலும் பார்க்க உதவுகின்றன. கூம்பு வடிவில் உள்ளவை ஏறத்தாழ 60 லட்சம். அவை நிறங்களையும், நேரெதிரே உள்ள எழுத்து, முகம் போன்ற நுட்பங்களையும் காட்டுகின்றன. இந்நோயில் கோல் அணுக்கள் முதலில் அழிகின்றன. ஆகவே சிறுவயதிலோ வாலிபத்திலோ இரவில் பார்வை குன்றுகிறது. பிறகு பக்கவாட்டுப் பார்வை சுருங்குகிறது. கடைசியில் ஒரு மூங்கில் குழாய் வழியே பார்ப்பதுபோல, நேரெதிரே உள்ள சிறு வட்டம் மட்டும் எஞ்சுகிறது. பலருக்கு அந்த வட்டமும் நாளடைவில் மறைகிறது.

நலமான மனிதர் இரு கண்ணாலும் கிடையாக ஏறத்தாழ 180 பாகை அளவுக்குக் காண்கிறார். இந்நோயாளியின் வட்டம் 10 பாகைக்கும் குறைந்துபோகலாம். அப்போதும் அவர் மருத்துவமனைச் சுவரில் தொங்கும் பலகையின் சிறிய எழுத்தைக்கூடச் சில வேளை படித்துவிடுவார். ஆனால் பக்கத்தில் நிற்கும் குழந்தையைத் தட்டிவிடுவார். நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பார்வை வட்டம் 10 பாகைக்குக் குறைந்தவரைப் பார்வையற்றவர் என்றே கணக்கிடுகிறது. 10 முதல் 40 பாகைக்குள் உள்ளவரைக் குறைபார்வையாளர் என்கிறது. அவர் எவ்வளவு தெளிவாகப் படிக்கிறார் என்பது இந்தக் கணக்கில் வராது.

இதில் மிகவும் சிந்திக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. பார்வை போன இடத்தில் கறுப்பு வளையம் தெரியும் என்று நாம் எண்ணுவோம். அப்படித் தெரிவதில்லை. அவ்விடத்தில் அவருக்கு எதுவுமே தோன்றுவதில்லை. நம் முதுகுக்குப் பின்னால் உள்ளது நமக்கு இருட்டாகத் தெரிகிறதா? இல்லை. அது அறவே நம் பார்வையில் இல்லை, அவ்வளவுதான். அதுபோலவே அவருக்கும். தாம் எதைக் காணவில்லை என்பது அவருக்கே தெரிவதில்லை. ஏதேனும் ஒன்றில் மோதிய பிறகுதான் தெரிகிறது.

உலக அளவில் ஏறத்தாழ 4000 பேருக்கு ஒருவர் என்று இந்நோயைக் கணக்கிடுவார்கள். தமிழகத்தில் 40 வயதுக்கு மேற்பட்டோரிடையே நடத்தப்பட்டு 2008ல் வெளியான ஓர் ஆய்வில், நகரத்தில் 930 பேருக்கு ஒருவர், கிராமத்தில் 372 பேருக்கு ஒருவர் என்று கண்டார்கள். உலகில் அரிதான நோய் நம்மிடம் அவ்வளவு அரிதாக இல்லை. இதன் காரணத்தைப் பின்னர் பார்ப்போம்.

தள்ளாடியவரின் வழக்கு

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம் வழியாகக் கல்வராயன் மலைமீது ஏறினால் கரியாலூர் வரும். அந்தப் பக்கத்து ஊர்களுக்குத் துணி, பாத்திரம் கொண்டுபோய் விற்கும் ஒரு சகோதரர் இந்நோய்க்கு ஆளானவர். வயது நாற்பத்தைந்து இருக்கும். பகலில் கணக்கு எழுதுவார், பணம் எண்ணுவார். அஸர் முடிந்து வெயில் சாய்ந்ததும் அவருடைய உலகம் மூடிக்கொள்ளும். ஒருநாள் மாலை கரியாலூரில் பேருந்து ஏறும்போது படி தெரியாமல் தடுமாறி, ஒரு பெண்மணியின் கூடைமீது விழுந்தார். பேருந்தில் இருந்தவர்கள் அவர் குடித்திருக்கிறார் என்று முடிவு கட்டினார்கள். அந்தப் பேச்சு அவர் இறங்குவதற்கு முன்பே அவருடைய மஹல்லாவுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பின்னர், அந்தப் பகுதியில் தள்ளாடும் மனிதனைக் கண்டால் ஊராரின் எண்ணம் வேறு பக்கம் போவது கடினம். ஆனாலும், தொழுகையாளியான ஒரு முஸ்லிம்மீது மது அருந்தினார் என்று சொல்வது எத்துணைப் பெரிய அவதூறு! அதிலும் வியப்பு என்னவெனில், அந்தச் சகோதரர் அதனை மறுக்கவே இல்லை. வாய்திறந்து, ‘எனக்குக் கண் நோய்’ என்று அவர் ஒரு சொல் சொன்னால் போதும், பேச்சு அடங்கிவிடும். அவர் சொல்லவில்லை.

காரணம் கேட்டபோது அவர் கூறினார்: “ஹழ்ரத், குடிகாரன் என்றால் நாளைக்குத் திருந்திவிட்டான் என்பார்கள். பரம்பரைக் கண் நோய் என்றால் என் மகளுக்கு எவன் வருவான்? தங்கை மகனுக்குப் பேசி வைத்திருக்கிறோம். அவர்கள் எதுவும் கேட்கமாட்டார்கள். அது முடியும் வரை இந்தப் பெயரோடு இருந்துவிட்டுப் போகிறேன்.”

ஒரு தகப்பனின் வாயிலிருந்து வந்த இச்சொல்லை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. தம் மானத்தை விற்று மகளின் வாழ்வை வாங்கப் பார்க்கிறார் அவர். ஆயினும் அவர் செய்வது சரியா? அவரை அந்த நிலைக்குத் தள்ளிய நாம் செய்வது சரியா? இரண்டையும் ஆராயவேண்டும்.

இத்பான் (ரலி) அவர்களின் இல்லத்தில்

முதலில் ஊராரின் பங்கைப் பார்ப்போம்.

மதீனாவில் இத்பான் பின் மாலிக் (ரலி) என்ற அன்ஸாரித் தோழர் இருந்தார்கள். அவர்கள் தம் கூட்டத்தாருக்குத் தொழவைப்பவர்கள். பார்வை குன்றியவர்கள். இருட்டும் மழைவெள்ளமும் சேர்ந்துவிட்டால் ஓடையைக் கடந்து பள்ளிக்குச் செல்ல இயலவில்லை என்று பெருமானாரிடம் அவர்கள் முறையிட்டார்கள். தம் இல்லத்திற்கு வந்து ஓரிடத்தில் தொழுதால் அவ்விடத்தையே தொழுமிடமாக ஆக்கிக்கொள்வதாக வேண்டினார்கள். அண்ணலார் (ஸல்) அவர்கள், அபூபக்ர் (ரலி) அவர்களோடு அவ்வில்லத்திற்கே சென்று இரண்டு ரக்அத் தொழுதார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இச்செய்தி உண்டு.

நம்மில் பலர் இந்த ஹதீஸை இவ்வளவோடு நிறுத்திவிடுகிறோம். அதன் பிற்பகுதியையும் பார்க்கவேண்டும். அதே இல்லத்தில் அதே அமர்வில், அங்கே வந்திராத மாலிக் பின் துக்ஷும் என்பவரைப் பற்றிப் பேச்சு எழுந்தது. அவர் முனாஃபிக் என்றார் ஒருவர். பெருமானார் (ஸல்) அவர்கள் உடனே தடுத்து, அவ்வாறு சொல்லாதே, அல்லாஹ்வின் திருமுகத்தை நாடி அவர் கலிமாச் சொன்னதை நீ காணவில்லையா என்ற கருத்துப்படக் கண்டித்தார்கள். அவருடைய முகமும் பேச்சும் நயவஞ்சகர்கள் பக்கமே சாய்ந்திருக்கக் காண்கிறோமே என்று கூறினவர் காரணம் காட்டினார். தாம் கண்டதைத்தான் அவர் சொன்னார். ஆயினும், கண்ட சிறு வட்டத்தைக் கொண்டு காணாத உள்ளத்திற்குத் தீர்ப்புச் சொன்னார். அதனை அண்ணலார் ஏற்கவில்லை.

பார்வை குன்றிய ஒருவரின் இல்லத்தில், பார்வையுள்ளவர்களின் பார்வைக் குறை சுட்டிக்காட்டப்பட்டது! கண் நோயாளி தம் ஓரம் தெரியாததை அறியாதிருப்பதுபோலவே, தீய எண்ணம் கொள்பவனும் தான் எதைக் காணவில்லை என்பதை அறியாதிருக்கிறான். நோயாளியாவது மோதியபின் அறிந்துகொள்கிறார். நாமோ ஒருவருடைய மானத்தின்மீது மோதிவிட்டு, அவர்தான் நம்மேல் வந்து விழுந்தார் என்கிறோம். திருமறை ‘ஹுஜுராத்’ அத்தியாயத்தில் எண்ணங்களில் பலவற்றைத் தவிர்க்கச் சொன்ன பிறகே துருவித் திரிவதையும் புறம் பேசுவதையும் தடுக்கிறது. எண்ணமே முதற்படி என்பது அந்த வரிசையிலிருந்தே விளங்கும்.

ஸலாமுக்குப் பதில் சொன்னவர் முஸாஃபஹாவுக்கு நீட்டிய கையைக் கண்டுகொள்ளவில்லையே என்று கோபிக்கிறோம். கை அவருடைய வட்டத்துக்குக் கீழே இருந்திருக்கலாம். பகலில் பத்திரிகை படிப்பவர் இரவில் கைப்பிடி கேட்கிறாரே, நடிப்பு என்கிறோம். மேலே கண்ட கோல் அணு, கூம்பு அணுக்களின் வேற்றுமையை அறிந்தவர் அப்படிச் சொல்லமாட்டார். எனவே இஷாவுக்கும் ஸுப்ஹுக்கும் ஒருவர் பள்ளிக்கு வரவில்லையாயின் காரணம் சோம்பல் என்று தீர்மானிக்கும் முன், துணை யாராவது உண்டா என்று விசாரிப்பது கடமை. பார்வையற்றவருக்கு வழிகாட்டி கிடைத்தாலும் ஜும்ஆ கடமையாகாது என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் முடிவு. வழிகாட்டி கிடைத்தால் கடமையாகும் என்பது அவர்களுடைய மாணவர்கள் இருவரின் முடிவு. ஷாஃபியீ மத்ஹபும் இவ்வாறே. இருசாராரின் விவாதமும் வழிகாட்டியைப் பற்றியே சுழல்வதைக் கவனியுங்கள். இங்கே கடமை குருடரிடம் மட்டும் இல்லை. பக்கத்து வீட்டாரிடமும் பாதி இருக்கிறது.

மறைப்பது எப்போது பண்பு? எப்போது மோசடி?

இனி அந்தச் சகோதரரின் பங்கு.

நோயை ஊரெல்லாம் சொல்லித் திரிய யாருக்கும் கடமையில்லை. முறையிடாமல் பொறுப்பது அழகிய பொறுமை. இரு கண்களையும் இழந்து பொறுமை காத்த அடியானுக்குச் சுவனமே பகரம் என்ற நற்செய்தியும் ஹதீஸில் உண்டு. ஆகவே பேருந்தில் இருந்த அந்நியரிடம் அவர் விளக்கம் சொல்லாததில் குற்றமில்லை. ஆயினும் தம்மீது விழுந்த அவதூறை நீக்கிக்கொள்வது நல்லது. ஏனெனில் அவதூறு பேசியவர்களும் அதனால் பாவத்திலிருந்து மீள்வார்கள்.

ஆனால் நம் குறையினால் பிறருக்குத் தீங்கு வரக்கூடும் என்றால், அந்த இடத்தில் நிலைமை மாறுகிறது. பெருமானார் (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்தது என்றார் விற்பவர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்றார்கள். இங்கே மழை வியாபாரியின் குற்றமன்று. தானியத்தின் ஈரமும் குற்றமன்று. வாங்குபவர் அறியவேண்டியதை அடியில் வைத்ததுதான் குற்றம்.

‘பெண் தானியமா? மகள் விற்பனைச் சரக்கா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மனிதருக்கு மனிதர் உண்மை சொல்வது, தானியத்துக்குச் சொல்வதைவிடக் குறைந்த கடமையாகிவிடுமா? ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தம்மைப் பெண் கேட்டவர்களைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, அண்ணலார் ஒருவரின் வறுமையையும் மற்றவரின் கடுமையையும் மறைக்காமல் சொன்னார்கள். அன்ஸாரிப் பெண் ஒருவரை மணம் பேசிய தோழரிடம், அவரைப் பார்த்துக்கொள்ளும்படியும், அன்ஸாரிகளின் கண்களில் ஏதோ ஒன்று உண்டு என்றும் கூறியதாக முஸ்லிமில் வருகிறது. கண்கள் சிறியவை என்றும், நீலநிறமானவை என்றும் விரிவுரையாளர்கள் பொருள் சொன்னார்கள். எதுவாயினும், ஒரு குடும்பத்தாரின் கண்ணைப் பற்றித் திருமணத்திற்கு முன் சொல்வது புறம் பேசுவதாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் புறம் ஆகுமாகும் இடங்கள் ஆறு என்று வகுத்து, திருமண ஆலோசனையை அவற்றில் சேர்த்திருக்கிறார்கள்.

மற்றொரு வாதமும் உண்டு. பார்வைக் குறையை நிக்காஹை முறிக்கும் குறைகளில் பெரும்பாலான இமாம்கள் சேர்க்கவில்லையே, பிறகு சொல்லவேண்டிய அவசியம் என்ன என்பார்கள். இங்கே நோயோ பெண்ணிடம்கூட இல்லை, அவளுடைய அத்தாவிடம்தானே என்றும் கூட்டிச் சொல்லலாம். நிக்காஹ் செல்லுமா என்பது காழி தீர்க்கும் கேள்வி. நான் நாணயமாக நடந்தேனா என்பது நாளை மஹ்ஷரில் கேட்கப்படும் கேள்வி. முதற்கேள்வியின் விடையை இரண்டாவதற்குப் பதிலாக எழுத முடியாது.

ஆபத்து எங்கே இருக்கிறது?

இவ்விடத்தில் அந்தச் சகோதரர் அறியாத ஒன்றைச் சொல்லவேண்டும். அவர் யாரிடம் மறைக்கிறாரோ அவர்களிடம் ஆபத்துக் குறைவு. யாரிடம் மறைக்கத் தேவையில்லை என்று எண்ணுகிறாரோ அங்கேதான் ஆபத்து.

பனூ ஃபஸாராக் கூட்டத்தார் ஒருவர், தம் மனைவி கறுப்புக் குழந்தை பெற்றதாகச் சந்தேகத்தோடு நபியிடம் வந்தார். அவருடைய சிவந்த ஒட்டகங்களுக்கிடையே சாம்பல் நிறக் குட்டி எப்படி வந்தது என்று அண்ணலார் (ஸல்) கேட்டார்கள். ஏதோ ஒரு பூர்வ நரம்பு அதனை இழுத்திருக்கலாம் என்றார் அவர். இக்குழந்தையையும் அவ்வாறு ஒரு நரம்பு இழுத்திருக்கலாம் என்றார்கள் அண்ணலார். பெற்றோரிடம் வெளிப்படாத ஒரு தன்மை முன்னோரிடமிருந்து பிள்ளையிடம் வரும் என்ற உண்மை ஒரு கேள்வியால் அங்கே விளங்கவைக்கப்பட்டது.

இன்றைய மருத்துவம் அந்த நரம்பை மரபணு என்கிறது. ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதிகளாக உண்டு. அத்தாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. இந்நோயின் பரவலான ஒரு வகையில், ஒரு பிரதி பழுதானால் நோய் வராது. அவர் அதைச் சுமப்பவர் மட்டுமே. இரண்டும் பழுதானால்தான் நோய். நோயுள்ள தகப்பனின் இரண்டு பிரதியும் பழுது. எனவே அவர் மகள் ஒரு பழுதைச் சுமந்தே தீருவாள். அவள் கண்கள் நலமாகவே இருக்கும்.

இப்போது கணக்குப் பாருங்கள். நோயில்லாத தங்கை அப்பழுதைச் சுமந்திருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. தங்கையின் மகனுக்கு அது இறங்கியிருக்க மூன்றில் ஒரு பங்கு. இருவரும் சுமந்திருந்தால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு. இரண்டையும் பெருக்கினால் ஒவ்வொரு குழந்தைக்கும் பன்னிரண்டில் ஒன்று. இரத்த உறவில்லாத மாப்பிள்ளையாயின், அவர் அதே மரபணுவில் பழுதைச் சுமந்திருப்பது மிக அரிது. பேரப்பிள்ளைகளுக்கு வரும் அபாயமும் மிகச் சிறியதே.

அந்நியரிடம் சொன்னால் சம்பந்தம் போய்விடும் என்று அஞ்சி, சொந்தத்துக்குள் முடிக்கிறோம். சொந்தத்துக்குள் முடிப்பதாலேயே நோய் வீட்டுக்குள் தங்குகிறது. அது தங்குவதால் மறைப்பதும் தொடர்கிறது. தமிழகத்தில் திருமணங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் உறவுக்குள் நடப்பவை. உலகில் அரிதான நோய் நம்மிடம் அவ்வளவு அரிதாக இல்லாததற்கு இதுவே முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. அந்தச் சகோதரரின் பெற்றோரும் உறவுக்குள் மணந்தவர்களே.

ஒன்றை மறக்கலாகாது. இந்நோயில் வேறு வகைகளும் உண்டு. ஒரு பிரதி பழுதானாலே வருவது ஒரு வகை. தாய்வழி ஆண்மக்களைத் தாக்குவது மற்றொரு வகை. அவற்றுக்கு மேலே சொன்ன கணக்குப் பொருந்தாது. எந்த வகை என்பதை மரபணுப் பரிசோதனை செய்து மருத்துவரே கூறவேண்டும். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற கண் மருத்துவமனைகளில் இதற்கு வழியுண்டு.

ஆகுமானது என்பதால் அவசியமாகிவிடுமா?

‘மாமன் மகள், அத்தை மகனை மணப்பதை ஷரீஅத் அனுமதித்திருக்க, நீர் தடுக்கிறீரா?’ என்று யாரேனும் கேட்கலாம். தடுக்க நமக்கு அதிகாரமில்லை. அண்ணலார் (ஸல்) அவர்களே தம் அத்தை மகள் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களை மணந்தார்கள். நம் நாட்டில் பிறர் செய்யும் தாய்மாமன் – மருமகள் திருமணத்தைத் திருமறை தடுத்துவிட்டது. உடன்பிறந்தார் பிள்ளைகளை மணப்பதை ஆகுமாக்கியது. ஆகுமாக்கியது என்றால் கதவைத் திறந்து வைத்தது. எல்லோரும் அதன் வழியாகத்தான் போகவேண்டும் என்று சொல்லவில்லை.

அந்நியரில் மணந்துகொள்ளுங்கள், சந்ததி மெலியாதிருக்கும் என்ற கருத்தில் ஒரு வாக்கியம் ஹதீஸ் என்ற பெயரில் உலவுகிறது. அதற்கு நம்பத்தகுந்த அடிப்படையில்லை என்று ஹதீஸ் கலை வல்லுநர்கள் கூறிவிட்டார்கள். எனவே அதை நபிமொழியாகச் சொல்லக்கூடாது. ஆயினும் மணப்பெண் நெருங்கிய உறவாக இல்லாதிருப்பது விரும்பத்தக்கது என்று ஷாஃபியீ மத்ஹபின் நூல்கள் எழுதியிருக்கின்றன. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜும் அவற்றுள் ஒன்று. நுண்ணோக்காடி இல்லாத காலத்தில் எழுதப்பட்ட சொல் அது.

‘எல்லாம் கத்ர். வரவேண்டியது வந்தே தீரும்’ என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொள்வோரும் உண்டு. அம்வாஸ் கொள்ளைநோயின்போது ஷாமுக்குள் நுழையாமல் உமர் (ரலி) அவர்கள் திரும்பினார்கள். இறைவிதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) மறுமொழி கூறினார்கள். புல் செழித்த கரையில் ஒட்டகத்தை மேய்த்தாலும், வறண்ட கரையில் மேய்த்தாலும் இரண்டும் விதிதானே என்றும் கேட்டார்கள். அறிந்த ஆபத்தைத் தவிர்ப்பதும் விதிக்குள் அடங்கியதே. அறியாமல் பிறந்த குழந்தையின் நோய் சோதனை. அறிந்தும் கேளாமல் விட்டால் அதில் நம் கையும் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு கொடுமையான முடிவுக்குப் போய்விடக்கூடாது. அப்படியானால் இந்நோயாளிகள் பிறக்காதிருந்ததே நலம் என்றோ, இக்குடும்பத்தில் பெண் எடுக்கக்கூடாது என்றோ யாரும் பொருள் கொள்ளவேண்டாம். நாம் தவிர்க்கச் சொல்வது நோயை. நோயாளியை அன்று.

மஹல்லாவின் கடமை

உண்மையைச் சொல் என்று ஒரு தகப்பனுக்கு உபதேசிப்பது எளிது. சொன்னவரைத் தண்டிக்கும் ஊரில் அவ்வுபதேசத்திற்குப் பயனில்லை. மகள் கண் நலமாயிருக்க, ‘அத்தாவுக்குக் கண் இல்லையாம்’ என்ற ஒரே சொல்லால் சம்பந்தத்தை முறிப்பவர்கள், தம் வீட்டிலும் ஏதாவதொரு பழுதைச் சுமக்கிறோம் என்பதை அறியாதவர்கள். ஒவ்வொரு மனிதரும் ஏதேனும் சில பழுதான மரபணுக்களைச் சுமந்தே பிறக்கிறார்கள் என்கிறது மருத்துவம். ஆகவே பெண் கேட்கும் வீட்டார் கேட்கவேண்டிய கேள்வி, உங்கள் வீட்டில் நோய் உண்டா என்பது மட்டுமன்று. இரு வீட்டிலும் ஒரே நோய் உண்டா என்பதுதான்.

இமாம்களும் முத்தவல்லிகளும் நிக்காஹ் பதிவேட்டைத் திறக்கும் முன், உறவுக்குள் மணம் என்றால் இரு வீட்டாரையும் தனியே அழைத்து, பரம்பரையாகக் கண், காது நோய் உண்டா, மருத்துவரைக் கேட்டீர்களா என்று ஒரு வார்த்தை விசாரிக்கலாம். கேட்டது வெளியே போகக்கூடாது. அது அமானிதம். இந்நோய் சிலருக்குக் காது கேளாமையோடு சேர்ந்தும் வரும். பிறவியில் காது கேளாத குழந்தை இரவில் தடுமாறினால் உடனே கண்ணையும் காட்டவேண்டும்.

எந்தக் குழந்தையாயினும் அந்திநேரத்தில் சுவரைத் தடவி நடந்தால், அடிக்காமல், திட்டாமல் மருத்துவரிடம் கொண்டுபோகவேண்டும். வைட்டமின் குறைவாயின் குணமாகிவிடும். பரம்பரை நோயாயின் முழுக் குணமளிக்கும் மருந்து இன்னும் பொதுவாக இல்லை. ஒரேயொரு மரபணுவின் பழுதுக்கு மட்டும் மரபணு மருத்துவம் ஒன்றை அமெரிக்கா 2017 டிசம்பரில் அனுமதித்தது. வழி திறந்திருக்கிறது, இன்னும் நெடுந்தூரம் உண்டு. இதற்கிடையில் ‘கண்ணுக்குச் சொட்டு மருந்து, முழுக் குணம்’ என்று பணம் பறிப்போரிடம் ஏமாறவேண்டாம். பார்வை வட்டம் சுருங்கியவர்கள் மாற்றுத்திறனாளி சான்றிதழ் பெறுவது உரிமை. அதில் இழிவில்லை.

பள்ளிவாசலில் செய்யவேண்டியவை செலவில்லாதவை. ஹவ்ளின் விளிம்பிலும் படியின் ஓரத்திலும் வெள்ளைக் கோடு போடலாம். நுழைவாயிலில் விளக்கு எரியவேண்டும். செருப்புகள் வழியில் கிடக்கக்கூடாது. முஸாஃபஹாவுக்குக் கையை நீட்டும் முன் வாயால் ஸலாம் சொல்லிப் பெயரையும் சொல்லலாம். ஸுப்ஹுக்கு வரும் வழியில் ஒரு வாலிபர் அவர் வீட்டு வாசலில் நின்று கை கொடுக்கலாம்.

அப்துல்லாஹ் பின் உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் கண்பார்வையற்றவர்கள். ‘அபஸ’ அத்தியாயம் இறங்கக் காரணமானவர்கள். அவர்களே மதீனாவின் முஅத்தின்களில் ஒருவர். அண்ணலார் வெளியூர் சென்றபோது மதீனாவில் தொழவைக்கும் பொறுப்பையும் ஏற்றவர்கள். ரமளானில் மக்கள் உண்பதை நிறுத்தியது அவர்களுடைய ஸுப்ஹு பாங்கைக் கேட்டுத்தான். அவர்களோ விடியலைக் காண முடியாது. விடிந்துவிட்டது என்று பிறர் சொன்ன பிறகே பாங்கு சொல்வார்கள். பார்வையுள்ள ஊர் முழுவதும் அவர் குரலை நம்பியது. அவர் பார்வையுள்ளவர்களின் வாய்ச்சொல்லை நம்பினார். தம் குறையை அவர்கள் மறைக்கவில்லை. மறைக்கவேண்டிய நிலையில் அந்தச் சமுதாயம் அவர்களை வைக்கவும் இல்லை. குறையைச் சொல்வதற்கு அஞ்சாத மனிதரும், சொன்னவரைத் தாங்கிக்கொள்ளும் ஜமாஅத்தும் ஒன்றுசேர்ந்தால்தான் உண்மை பிழைக்கும். ஒருவர் பக்கத்துக் கடமையை மட்டும் பேசுவது அநீதி.

காணாததை இல்லையென்று தீர்மானிக்கும் குறையிலிருந்து நம் உள்ளங்களை வல்ல ரஹ்மான் காப்பானாக! பார்வை சுருங்கியோருக்குப் பொறுமையையும், அவர்களுடைய பிள்ளைகளுக்கு நல்வாழ்வையும், உண்மை சொல்லும் துணிவையும், அதைக் கேட்டுத் தாங்கும் பண்பையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.